எக்ஸ்சேஞ்சுக்கு முழுக்குப் போடுவது எப்படி

நான் தொழில் கற்றது தொலைபேசி எக்ஸ்சேஞ்சில். இப்போது அலுவலகம் அலுவலகமாகப் போய் அதே எக்ஸ்சேஞ்சின் லைனைக் கழற்றிவிட்டு இணையத் தொலைபேசி மாட்டிக் கொடுக்கிறேன். ‘உண்ட வீட்டுக்கு இரண்டகமா?’ என்று பழைய சகாக்கள் கேலி செய்வார்கள். அப்படிக் கேட்டவர்களில் பலர் இப்போது இதே வேலையில்தான் இருக்கிறார்கள், அதுவும் என்னைவிட நன்றாகச் சம்பாதித்துக்கொண்டு.

இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். இணைய அழைப்பு வந்ததும் தொலைபேசிக் கம்பெனியிடமிருந்து போனது வருமானம். அது செய்துவந்த வேலைகள் எங்கேயும் போகவில்லை. கருவிக்கு மின்சாரம் கொடுப்பது, லைனைக் காவல் காப்பது, அவசர அழைப்பு வந்தால் எந்த முகவரி என்று சொல்வது என்று சத்தமில்லாமல் அது பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம், லைனைத் துண்டிக்கும் நாளில் உங்கள் தலையில் விழும். அதற்குத் தயாராக இறங்குகிறவர்களுக்கு இந்த மாற்றம் நல்ல லாபம். ‘ஆப்பைப் போட்டால் முடிந்தது’ என்று இறங்குகிறவர்கள் கொஞ்ச நாளிலேயே எனக்கு ஃபோன் செய்கிறார்கள், மொபைலில் இருந்து.

முதலில் பில்லைப் படியுங்கள்

கடைசியாக வந்த சில பில்களை எடுத்து மேஜையில் விரியுங்கள். மாத வாடகை, உள்ளூர், வெளியூர், வெளிநாடு என்று பிரித்து எழுதுங்கள். எது அதிகம் என்று பார்த்தாலே, உங்களுக்கு இந்த மாற்றம் தேவையா என்பதும் தெரிந்துவிடும், தொலைபேசிக் கம்பெனிகள் ஏன் ஆடிப்போயின என்பதும் புரிந்துவிடும்.

பழைய முறையில் ஒரு அழைப்பு இணையும்போது இரு முனைக்கும் நடுவே ஒரு தனிப் பாதை ஒதுக்கப்படும். டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சில் அதன் அளவு ஒரு திசைக்கு வினாடிக்கு 64 கிலோபிட். குரலை வினாடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதினால் வருவது அது. நீங்கள் பேசினாலும் சரி, ‘ஒரு நிமிஷம் இருங்க’ என்று சொல்லிவிட்டு ஃபைலைத் தேடப் போனாலும் சரி, ரிசீவரை வைக்கும்வரை அந்தப் பாதை உங்களுக்கே. ஒருவர் காரில் போவதற்காகச் சாலை முழுவதையும் மறித்து வைத்த மாதிரி. அதனால்தான் தூரத்துக்கும் காசு, நேரத்துக்கும் காசு. கடலுக்கடியில் கேபிள் போடுவது பெருஞ்செலவாக இருந்த காலத்தில் அது நியாயமான கணக்குதான். கண்ணாடி இழை வந்து அந்தச் செலவு மளமளவென்று இறங்கிய பிறகும் வெளிநாட்டு அழைப்பின் விலை அதே வேகத்தில் இறங்கவில்லை. அந்த லாபத்தை வைத்துத்தான் பல நாடுகளில் மாத வாடகையையும் உள்ளூர்க் கட்டணத்தையும் கைக்கு எட்டும்படி வைத்திருந்தார்கள்.

இணையத்துக்குத் தூரம் தெரியாது. குரலைப் பெரும்பாலும் 20 மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்கி, மற்ற டேட்டாவோடு டேட்டாவாக அனுப்பிவிடும். எந்தப் பாதையையும் யாருக்காகவும் மறித்து வைப்பதில்லை. 1995-ல் வோக்கல்டெக் நிறுவனம் கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பேசும் மென்பொருளை விற்றபோது, எக்ஸ்சேஞ்ச் ஆட்கள் சிரித்தார்கள். அந்தக் காலத்து மோடத்தில் குரல் அப்படித்தான் இருந்தது. 2003-ல் ஸ்கைப் வந்தது, 2015-ல் வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு வந்தது. பில்லில் கொழுத்த பகுதியாக இருந்த வெளிநாட்டு அழைப்புதான் முதலில் கையைவிட்டுப் போனது. உள்ளூர் வாடகையைத் தாங்கிப் பிடித்த தூணும் அதுவே என்பதால் அடி இரட்டிப்பாக விழுந்தது.

சரி, உங்கள் பில்லுக்கு வருவோம். நீங்கள் அதிகம் பேசுவது சொந்த ஆட்களோடும் கிளை அலுவலகங்களோடும் என்றால் ஆப்பிலிருந்து ஆப்புக்குப் பேசினாலே போதும். தொலைபேசிக் கம்பெனிக்கு அதில் பைசா போகாது. வாடிக்கையாளர்கள் உங்கள் எண்ணுக்கு அழைக்கிறார்கள், நீங்களும் எண்களுக்கு அழைக்கிறீர்கள் என்றால் எஸ்ஐபி சேவை, அதாவது இணைய அழைப்பைத் தொலைபேசி எண்களோடு இணைக்கும் சேவை, தரும் நிறுவனம் ஒன்று தேவை. இங்கே ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள்: இணையத்தில் தொடங்கினாலும் ஒரு தொலைபேசி எண்ணில் போய் முடிகிற அழைப்புக்கு, அந்த எண்ணை வைத்திருக்கும் கம்பெனி பெரும்பாலும் ஒரு கட்டணம் கேட்கும். அதனால் ‘எல்லா எண்ணுக்கும் எல்லா நாட்டுக்கும் இலவசம்’ என்று யாராவது சொன்னால் தள்ளி நில்லுங்கள். வெளிநாட்டு அழைப்பை இணையத்தில் வாங்கி, சிம் கார்டுகள் அடுக்கிய பெட்டி வழியாக உள்ளூர் அழைப்பாக மாற்றி, அந்தக் கட்டணத்தை ஏய்க்கும் கும்பல்கள் உண்டு. சிம் பாக்ஸ் என்பார்கள். பல நாடுகளில் அது கிரிமினல் குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பில் ஏதோ ஒரு உள்ளூர் மொபைல் எண் தெரிந்தால் பெரும்பாலும் இந்த வேலையாகத்தான் இருக்கும்.

இணைய அழைப்பையே கட்டுப்படுத்தும் நாடுகளும் உண்டு. எண்களோடு இணைக்கும் சேவைக்கு உரிமம் வேண்டும் என்பது பல இடங்களில் விதி. உங்கள் நாட்டில் உரிமம் பெற்ற நிறுவனமா என்று கேட்டுவிட்டு மேலே போங்கள்.

ஸ்பீடு டெஸ்ட்டை நம்பாதீர்கள்

வாடிக்கையாளர்கள் என்னிடம் முதலில் காட்டுவது ஸ்பீடு டெஸ்ட் படம்தான். 100 மெகாபிட், 200 மெகாபிட் என்று பெருமையாக இருக்கும். குரலுக்கு அது தேவையே இல்லை. குரலை டிஜிட்டலாக்கும் ஜி.711 என்கிற பழைய, நல்ல முறையில் ஒரு அழைப்புக்கு முகவரித் தலைப்புகளையும் சேர்த்தால்கூட ஒரு திசைக்கு ஏறத்தாழ 90 கிலோபிட்தான் ஆகும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 மெகாபிட்டைத் தாண்டாது.

பார்க்க வேண்டியது வேறு. ஒன்று, தாமதம். வாயிலிருந்து காதுக்கு ஒரு வழியில் 150 மில்லிவினாடிக்குள் போய்விட்டால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதற்கு மேல் போகப் போக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, ‘நீங்க சொல்லுங்க’, ‘இல்ல, நீங்க சொல்லுங்க’ என்று ஆகிவிடும். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாக இணையம் எடுக்கிறவர்களுக்கு, சமிக்ஞை மேலே போய்க் கீழே வரவே 240 மில்லிவினாடி ஆகும். அதை எந்தக் கருவியாலும் குறைக்க முடியாது. இன்னொன்று, அந்தத் தாமதம் ஒரே அளவில் இருக்கிறதா, ஏறி இறங்குகிறதா என்பது. அதை ஜிட்டர் என்பார்கள். 30 மில்லிவினாடிக்குள் இருந்தால் நல்லது. தொலைந்துபோகும் துண்டுகள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும்.

சோதிக்கும் முறை எளிது. அலுவலகம் பரபரப்பாக இருக்கும் நேரத்தில், கேபிளில் இணைத்த கம்ப்யூட்டரிலிருந்து உங்கள் எஸ்ஐபி நிறுவனத்தின் சர்வருக்குப் பிங் (ஒரு துண்டு போய்த் திரும்ப எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்று காட்டும் கட்டளை) ஓட விடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து பெரிய வீடியோ ஃபைல் ஒன்றைக் கிளவுடில் ஏற்றுங்கள். 20, 22, 19 என்று வந்துகொண்டிருந்த எண்கள் திடீரென்று 400, 700 என்று தாவினால் உங்கள் பிரச்சினை கண்முன்னே வந்துவிட்டது என்று பொருள். ரௌட்டர் அந்த ஃபைலின் துண்டுகளை வரிசையில் நிறுத்தி வைத்திருக்கிறது, குரல் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. பெரிய பிளான் வாங்கினால் தீரும் என்று விற்பனைப் பிரதிநிதி சொல்வார். பல இடங்களில் அதற்கு அவசியமே இருக்காது. ரௌட்டரில் கியூஓஎஸ் அமைப்பைத் திறந்து, குரலுக்கு முதலிடம் கொடுத்து, ஏற்றும் வேகத்தை உண்மையான அளவைவிடக் கொஞ்சம் குறைவாகக் கட்டி வைத்தால் வரிசை உங்கள் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். அப்புறம், மேஜை ஃபோனை வைஃபையில் போடாதீர்கள். கேபிள் இழுக்கச் சோம்பல்பட்டு வைஃபையில் போட்ட ஃபோன்களால்தான் எனக்குப் பாதி வேலை வருகிறது.

அந்தக் கம்பியில் என்னென்ன தொங்குகிறது?

இந்த வேலையை ஆற அமரச் செய்யுங்கள். எல்லோரும் ஃபோனை மட்டும்தான் நினைப்பார்கள். கட்டடத்தைச் சுற்றி வந்து, சுவரில் தொலைபேசிச் சாக்கெட் இருக்கும் இடமெல்லாம் என்ன செருகியிருக்கிறது என்று பாருங்கள். ஃபேக்ஸ் இருக்கும். திருட்டு அலாரம் இருக்கும். லிஃப்ட்டுக்குள் சிவப்பு பட்டன் அழுத்தினால் பேசும் ஃபோன் இருக்கும். பழைய கார்டு தேய்க்கும் மிஷின் இருக்கும். வீடுகளில், முதியவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசர பட்டன் இந்த லைனை நம்பித்தான் இருக்கும்.

இவற்றில் சில, லைனிலேயே வரும் மின்சாரத்தை நம்பியவை. எக்ஸ்சேஞ்சில் அறை நிறைய பேட்டரிகள் வரிசையாக நிற்கும். அவற்றிலிருந்து 48 வோல்ட் டிசி ஒவ்வொரு ஜோடிக் கம்பியிலும் உங்கள் வீடு வரை வரும். ஊரே இருண்டு கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்பது அதனால்தான். மாத வாடகை எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் அந்த பேட்டரி அறையைத்தான் காட்டுவேன். இணையத் தொலைபேசியில் அந்த அறை உங்களுடையது. ரௌட்டர், ஃபைபர் பெட்டி, நெட்வொர்க் ஸ்விட்ச், ஃபோன் நான்குக்கும் யுபிஎஸ் வேண்டும். மூன்றுக்குப் போட்டுவிட்டு ஒன்றை விட்டால் நான்குமே போன மாதிரிதான். உங்கள் யுபிஎஸ் ஓடினாலும் நடுவழியில் என்ன நடக்கிறது என்பதையும் கேளுங்கள். வீடு வரை வரும் ஃபைபரில் தெருவில் இருப்பவை பெரும்பாலும் மின்சாரமே தேவையில்லாத பிரிப்பான்கள். கேபிள் டிவி வழியாக வரும் இணையத்தில் தெருக்கம்பத்து ஆம்ப்ளிஃபையருக்கும் மின்சாரம் வேண்டும், அது அணைந்தால் உங்கள் யுபிஎஸ்ஸால் பயனில்லை.

இதையெல்லாம் நான் மிகைப்படுத்தவில்லை. பிரிட்டனில் பழைய தொலைபேசி வலைப்பின்னலை 2025 இறுதியோடு மூடுவதாக இருந்தார்கள். 2027 ஜனவரிக்குத் தள்ளிப் போட்டார்கள். அந்த முதியவர் பட்டன்கள் மாற்றத்துக்குப் பிறகு வேலை செய்யாமல் போன சம்பவங்கள் அங்கே பெரிய பிரச்சினையாகின.

ஃபேக்ஸை இணையத்தில் அனுப்பும் டி.38 என்ற அமைப்பு இருக்கிறதா என்று எஸ்ஐபி நிறுவனத்திடம் கேளுங்கள். ஜி.729 போன்ற முறைகள் குரலை 8 கிலோபிட்டுக்குச் சுருக்கும். அவை மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டவை, ஃபேக்ஸ் போடும் கீச்சொலி அவற்றுக்குப் புரியாது. லிஃப்ட்டுக்கும் அலாரத்துக்கும் மொபைல் சிம்மில் ஓடும் தனிக் கருவி போடுவதே என் வழக்கம்.

எண்ணை மாற்றுவதும், கருவியை மாட்டுவதும்

பழைய எண்ணைப் புதிய நிறுவனத்துக்குக் கொண்டுபோக உங்கள் நாட்டில் வசதி இருந்தால் விண்ணப்பத்தைப் புதிய நிறுவனத்திடம் கொடுங்கள். பழைய லைனை நீங்களாக ரத்து செய்யவே கூடாது. ரத்தான எண்ணுக்கு உரிமையாளர் கிடையாது. அப்புறம் யாரிடம் போய் எதைக் கேட்பது? பெயர், முகவரி இரண்டும் பழைய பில்லில் உள்ளபடியே விண்ணப்பத்தில் இருக்கட்டும். வேலையை இழுத்தடிக்க நினைக்கும் கம்பெனிக்கு ஒரு எழுத்துப் பிழை போதும்.

பழைய ஃபோன் கருவிகளை வைத்துக்கொள்ள விரும்பினால் ஏடிஏ என்ற சின்ன அடாப்டர் வாங்குங்கள். அதில் எஃப்எக்ஸ்எஸ் என்று போட்டிருக்கும் ஓட்டையில்தான் ஃபோனைச் செருக வேண்டும். டயல் டோனும் ரிங்கும் அங்கிருந்து வரும். கட்டடத்துப் பழைய வயரிங்கையே பயன்படுத்துவதாக இருந்தால், வெளியிலிருந்து எக்ஸ்சேஞ்ச் ஜோடி உள்ளே நுழையும் பெட்டியில் அதை முதலில் பிரித்துவிடுங்கள். பிரிக்காமல் ஏடிஏவைச் செருகினால் இரண்டு பக்கத்து மின்சாரமும் மோதி, சின்னது புகைந்துவிடும். அந்த ஜோடியை வெறும் விரலால் பிடிக்க வேண்டாம். 48 வோல்ட் ஒன்றும் செய்யாது, ஆனால் அந்த நேரம் பார்த்து யாராவது அழைத்தால் ரிங்குக்காக 80, 90 வோல்ட் ஏசி வரும். எக்ஸ்சேஞ்சில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு முதல் பாடம் அதுதான். சீனியர் வேண்டுமென்றே அந்த எண்ணுக்கு டயல் செய்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்.

ஒரு பக்கம் மட்டும் கேட்டால்

எல்லாம் மாட்டி முடித்துவிட்டு வந்த மறுநாள் வரும் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். “சார், ரிங் வருது, எடுக்குறோம், நாம பேசறது அவங்களுக்குக் கேக்குது. அவங்க பேசறதுதான் நமக்கு விழல. ஃபோன் கோளாறா சார்?”

ஃபோன் கோளாறு இல்லை. எஸ்ஐபி என்பது அழைப்பை ஏற்பாடு செய்யும் பேச்சு மட்டும். குரல் தனியாக, ஆர்டிபி என்ற வழியில் வரும். ‘எனக்கு வரும் குரலை இந்த முகவரிக்கு அனுப்புங்கள்’ என்று உங்கள் ஃபோன் எழுதிக் கொடுக்கும். ரௌட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபோனுக்குத் தெரிந்த முகவரி 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு முகவரிதான். வெளியே இருப்பவருக்கு அதை வைத்து எதையும் அனுப்ப முடியாது. இதைச் சரிசெய்யத்தான் பல ரௌட்டர்களில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். போகும் கடிதத்தைப் பிரித்து முகவரியைத் திருத்தி அனுப்புகிறேன் பேர்வழி என்று, அது பல நேரம் காரியத்தையே கெடுத்துவிடும். நான் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் ரௌட்டரைத் திறந்து அதை அணைத்துவிடுவேன். பிறகு, வெளி முகவரி எது என்று ஃபோனுக்குச் சொல்லும் ஸ்டன் சர்வரை ஃபோனில் போடுங்கள், அல்லது சேவை நிறுவனமே அதைக் கவனித்துக்கொள்ளுமா என்று கேளுங்கள்.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு கோளாறுகள் உண்டு. வரும் அழைப்பை எடுத்துப் பேசினால் 32 வினாடியில் தானாகக் கட் ஆகும். ‘எடுத்துவிட்டேன்’ என்று உங்கள் ஃபோன் சொன்னதற்கு எதிர்முனையின் ஒப்புதல் வந்து சேராததால் அது காத்திருந்து வைத்துவிடுகிறது. இன்னொன்று, போகும் அழைப்பு நன்றாகப் போகும், வருவது மட்டும் சில நிமிடம் சும்மா இருந்தால் ரிங்கே ஆகாது. ரௌட்டர் அந்த வழியை மூடிவிட்டது. அந்த வழியைத் திறந்தே வைக்கும் கீப்அலைவ் என்பதை ஃபோனில் 30 வினாடிக்குள் வைத்தால் சரியாகிவிடும். வங்கிக்கு அழைத்து ‘ஒன்றை அழுத்தவும்’ என்றதும் அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை என்றால், எண் பட்டன் ஒலியை அனுப்பும் டிடிஎம்எஃப் அமைப்பை ஆர்எஃப்சி 2833-க்கு மாற்றுங்கள்.

காவல்

எக்ஸ்சேஞ்ச் லைனைத் திருடித் தொலைபேச வேண்டுமென்றால் ஒருவன் கம்பத்தில் ஏற வேண்டும். இணையத் தொலைபேசிக்கு உலகின் எந்த மூலையிலிருந்தும் கதவைத் தட்டலாம். எஸ்ஐபி அழைப்புகள் நுழையும் வாசலான 5060 என்ற போர்ட்டைத் திறந்து வைத்த சர்வரைத் தானியங்கி நிரல்கள் ஓயாமல் தேடிக்கொண்டிருக்கும். எக்ஸ்டென்ஷன் 100, பாஸ்வேர்டும் 100 என்று வைத்த இடம் கிடைத்தால் சனிக்கிழமை இரவு உள்ளே வந்து, நிமிடத்துக்குப் பெருங்கட்டணம் வாங்கும் வெளிநாட்டு எண்களுக்கு விடாமல் அழைப்பார்கள். அந்தக் கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. பில் உங்களுக்கு. தேவையில்லாத நாடுகளுக்கான அழைப்பை நிறுவனத்திடம் சொல்லி மூடச் சொல்லுங்கள், தினசரி உச்சவரம்பு வையுங்கள், பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும்.

அவசர உதவி எண்ணுக்கு உங்கள் எஸ்ஐபி லைனிலிருந்து அழைப்பு போகுமா, போனால் எந்த முகவரியைக் காட்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லேண்ட்லைன் கம்பி ஓரிடத்தில் முடிகிறது, அதனால் முகவரி தெரியும். இணைய ஃபோனை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்ச் செருகினாலும் அதே எண்தான் பேசும். அலுவலகம் மாறினால் முகவரியையும் மாற்றச் சொல்ல வேண்டும்.

கம்பெனி சும்மா இருக்குமா?

இருக்காது. முதலில் தடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் மேடிசன் ரிவர் என்ற தொலைபேசிக் கம்பெனி தன் இணைய வாடிக்கையாளர்களின் இணைய அழைப்புகளை மறித்தது. 2005-ல் விஷயம் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போய், 15,000 டாலர் கட்டிவிட்டு மறிப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. இப்போது அந்தப் பாணி குறைந்துவிட்டது. உங்களுக்கு இணையம் தருவதும் பல இடங்களில் அதே கம்பெனிதானே. குரலில் போனதை டேட்டாவில் பிடிக்கிறார்கள். அவர்களுடைய சொந்த வலைப்பின்னலும் இணைய நெறிமுறைக்கு மாறிவிட்டது. 4ஜி எல்டிஇ-யில் பழைய மாதிரிப் பாதை ஒதுக்கும் ஏற்பாடே கிடையாது, குரலும் அதில் டேட்டாவாகத்தான் போகிறது.

அதனால் லைனை ரத்து செய்யப் போகும்போது ‘இணையத்தோடு லேண்ட்லைன் இலவசம்’ என்று ஒரு திட்டத்தை நீட்டுவார்கள். மறுக்க வேண்டியதில்லை, கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ‘லேண்ட்லைன்’ ரௌட்டரின் பின்புறம் செருகுவதாக இருந்தால் அதுவும் இணைய அழைப்புதான். மின்சாரம் போனால் அதுவும் போகும். ஒப்பந்தம் முடிந்து கம்பெனி மாறினால் எண் உங்களோடு வருமா என்பதை மட்டும் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மறுபக்கம், ஏதோ ஒரு ஆப்பை நம்பி எண்ணையே விட்டுவிடவும் வேண்டாம். தொலைபேசிக் கம்பெனிகளைக் கதிகலங்க வைத்த ஸ்கைப்பையே மைக்ரோசாஃப்ட் 2025 மே 5 அன்று மூடிவிட்டது.

எண் புதிய நிறுவனத்துக்கு வந்துவிட்டதாகத் தகவல் வந்ததும், ஒரு மொபைலிலிருந்தும் வேறு கம்பெனியின் லேண்ட்லைன் ஒன்றிலிருந்தும் அந்த எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள். இரண்டும் வந்தால், பழைய கணக்கு முழுவதும் மூடப்பட்டதா என்று எழுதிக் கேளுங்கள். எண் போனாலும் அதோடு இணைந்திருந்த பிராட்பேண்டும் இரண்டாவது ஜோடியும் தனியாக ஓடிக்கொண்டிருக்கலாம், வாடகையும் ஏறிக்கொண்டிருக்கும். டெபாசிட் கட்டியிருந்தால் அதற்கும் அதே கடிதத்தில் விண்ணப்பித்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.